வேலை வாய்ப்புகளின் வள்ளலே, வாழ்க!

ஹெல்த்கேர் ஐடி என்னும் பெருந்துறையே, உன்னைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுதாவிட்டால் செய்ந்நன்றி கொன்ற பாவம் எங்களைச் சேரும். மற்ற சாஃப்ட்வேர் நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்யும் காலத்திலும் 'வாக்-இன்' விளம்பரத்தை இறக்காமல் வைத்திருப்பது நீ. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவரை வா என்கிறாய். மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, பிசியோதெரபி, பார்மசி என்று எது படித்திருந்தாலும் உன்னிடம் இடம் உண்டு. உடற்கூறு தெரியாத பட்டதாரி வந்தால், இங்கிலீஷ் பேச வருமா என்று மட்டும் கேட்டு, ஏ.ஆர். காலிங் என்ற இன்னொரு கதவைத் திறக்கிறாய். எம்.சி.ஏ.க்காரருக்கு இன்டர்ஃபேஸ், டெஸ்டிங், சப்போர்ட், செக்யூரிட்டி என்று தனித் தனி வரிசை. சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் சேலத்திலும் எத்தனையோ வீடுகளில் இரவெல்லாம் விழித்து உழைக்கும் பிள்ளையின் சம்பளத்தில்தான் வீட்டுக்கடன் தவணை போகிறது. அந்தச் சம்பளத்தை மறுப்பவர் யாரும் இல்லை.

இவ்வளவு வேலை உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொன்னால்தான் உன் பெருமை முழுதாக விளங்கும். கணினி நுழைந்த வேறு பல இடங்களில் வேலை சுருங்கியது. வங்கிக் கவுன்டரில் வரிசை கரைந்தது, ரயில் டிக்கெட் கைபேசிக்கு வந்தது. நீ நுழைந்த இடத்திலோ ஒரு வேலை பத்தாகப் பெருகியது. முன்பு டாக்டர் நோயாளியைப் பார்த்துச் சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்தது. இன்று அமெரிக்காவில் ஒருவர் மூட்டுவலி என்று டாக்டரிடம் போனால், டாக்டர் சொல்வதைத் தட்டச்சு செய்ய ஒரு ஸ்க்ரைப் வேண்டும். அதைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போட ஒரு கோடர் வேண்டும். அந்த எண் சரியா என்று பார்க்க ஒரு ஆடிட்டர். கட்டணத்தை ஏற்றச் சார்ஜ் என்ட்ரிக்கு ஒருவர். காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை நிராகரித்தால், ஏன் என்று போனில் கேட்க ஏ.ஆர். காலர். மேல்முறையீடு எழுத இன்னொருவர். கடைசியில் வந்த பணத்தை வரவு வைக்கப் பேமென்ட் போஸ்டிங் ஆள். இத்தனை பேர் திரையிலும் ஓடும் மென்பொருளை எழுத, சோதிக்க, பழுது பார்க்க வேறொரு பட்டாளம். ஒரு மனிதரின் மூட்டுவலி இரண்டு கண்டங்களில் ஒரு டஜன் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அவருக்கு வலி குறைந்ததா என்று கேட்கும் வேலை மட்டும் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

உன் பொற்காலம் 2009 பிப்ரவரியில் பிறந்தது. பொருளாதாரம் சரிந்து கிடந்த அமெரிக்கா, ஹைடெக் சட்டம் என்ற பெயரில் கஜானாவைத் திறந்துவிட்டது. காகிதத்தை விட்டு மின்னணு மருத்துவப் பதிவுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களுக்கும் மொத்தம் 3,000 கோடி டாலருக்கும் மேல் ஊக்கத்தொகை போனது. 2008ல் அந்த நாட்டுப் பொது மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றில்கூட அடிப்படை மின்னணுப் பதிவு இல்லை. 2015ல் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் அது இருந்தது. இவ்வளவு பெரிய ஒரு துறையை ஏழே ஆண்டில் திரைக்கு முன்னால் உட்காரவைத்த சாமர்த்தியம் வேறு யாருக்கு உண்டு? 'அர்த்தமுள்ள பயன்பாடு' என்று அரசு ஒரு பட்டியல் போட்டது. பட்டியலில் இருந்த கட்டங்களையெல்லாம் டிக் செய்தவர்களுக்குப் பணம் வந்தது. யாருக்கு அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும் என்பதைப் படுக்கையில் கிடப்பவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு நேரம் இருந்தது, கேட்பவர்களுக்குத்தான் இல்லை.

டாக்டர்களுக்கு நீ செய்த உபகாரம் தனியாகச் சொல்ல வேண்டியது. பத்து, பன்னிரண்டு வருடம் படித்து வந்தவர்களுக்கும் நீ ஐடி வேலை கொடுத்தாய். 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வு, நான்கு சிறப்புப் பிரிவுகளைச் சேர்ந்த 57 அமெரிக்க டாக்டர்களைப் பக்கத்திலிருந்தே கவனித்தது. நோயாளியோடு அவர்கள் நேரில் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போயிற்று. அது போதாமல், வீட்டுக்குப் போன பிறகு இரவில் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம். டாக்டரின் கண் திரையில் இருந்தால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது எப்படி என்று பலரும் கவலைப்பட்டார்கள். உடனே நீ ஸ்க்ரைப் என்ற உத்தியோகத்தைப் பெருக்கினாய். கணினியால் வந்த வேலையைச் செய்ய ஒரு மனிதர், அவரும் இந்தியாவில் உட்கார்ந்து, கடல் கடந்து ஒலிக்கும் டாக்டரின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறார். உன்னால் நேர்ந்த குறையைத் தீர்ப்பதற்கும் உன்னிடமே ஒரு காலியிடம் இருக்கும். இதை நாங்கள் எப்போதும் எதிர்பார்க்கலாம்.

நோய்களை எண்ணிக்கையில் வளர்த்ததும் உன் காலத்தில்தான். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-9 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலிலிருந்து ஐசிடி-10க்கு மாறியது. சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 70,000 வந்தன. வாத்து தாக்கியதற்கு ஒரு எண் உண்டு. ஜெட் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டதற்கு ஒரு எண் உண்டு. முதல் சிகிச்சை என்றால் ஒரு எழுத்து, தொடர் சிகிச்சை என்றால் வேறு எழுத்து. இடது காலா வலது காலா என்பதையும் எண்ணே சொல்லிவிடும். ஆராய்ச்சிக்கும் கொள்ளைநோய்க் கணக்குக்கும் இந்த நுணுக்கம் பயன்படும், உண்மை. ஆனால் இந்த எழுபதாயிரத்தின் வழியே தினமும் முதலில் ஓடுவது பணம். கடைசி எழுத்து ஒன்று மாறினால் கிளெய்ம் திரும்பி வரும். ஆகவே எண்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு மவுசு வந்தது. கோடர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ், அதற்கொரு தேர்வு, தேர்வுக்கொரு கோச்சிங், கோச்சிங்குக்கு நம் ஊரில் மாடி தோறும் ஒரு இன்ஸ்டிட்யூட் என்று பந்தல் போட்டதுபோல் வேலை படர்ந்தது.

நம் நர்சுகளை நீ காப்பாற்றிய கதையை மனசாட்சியோடு சொல்ல வேண்டும். நான்கு வருடம் படித்து, வார்டில் நின்று, நாடி பிடித்து, ஊசி ஏற்றி, மரணப் படுக்கையில் கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளப் பழகிய பெண்ணுக்கு இங்கே எத்தனையோ தனியார் மருத்துவமனைகள் கொடுக்கும் சம்பளம், ஹாஸ்டல் வாடகைக்கும் பஸ் காசுக்கும் இழுபறி. அவளுக்கு ஏ.சி. அறை, கேப், வார விடுமுறை, அதைவிடக் கூடுதல் சம்பளம் கொடுத்தது நீ. அதனால் அவள் கோடராக வந்தாள். இன்று அவளால் ஒரு சார்ட்டைப் படித்து, எழுதியவர் கவனிக்காத சிக்கலைக்கூட உணர முடிகிறது. ஆனால் அவளிடம் நீ கேட்பது அந்த அறிவை அல்ல. ஒரு மணி நேரத்தில் எத்தனை சார்ட், எத்தனை சதவீதம் அக்யூரசி என்ற இரண்டு எண்களைத்தான் கேட்கிறாய். நோயாளியின் பெயரும் ஊரும் திரையில் இருந்தாலும், அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் ஒரு நர்சு முப்பது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு தவிக்கையில், பயிற்சி பெற்ற இன்னொரு நர்சு ஒஹாயோக்காரரின் பில்லுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரில் யாருக்குச் சம்பளம் கூடுதல் என்று எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அவளைக் குறை சொல்ல எவருக்கும் வாய் இல்லை.

கிளெய்ம்களை மறுக்கும் கலையிலும் நீ கைதேர்ந்திருக்கிறாய். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2023ல் வெளியிட்ட புலனாய்வில், ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டர்கள் இரண்டு மாதத்தில் மூன்று லட்சத்துக்கும் மேலான கிளெய்ம்களை ஒரு மென்பொருளின் துணையோடு நிராகரித்ததாகவும், ஒரு கிளெய்முக்குச் சராசரியாக 1.2 வினாடி ஆனதாகவும் வந்தது. மனிதர் ஒரு பெயரைப் படித்து முடிக்கும் முன் உன்னால் தீர்ப்பே சொல்லிவிட முடிகிறது. அந்த 1.2 வினாடியைச் சரிசெய்ய, இந்தப் பக்கம் ஒரு பையன் நைட் ஷிஃப்ட்டில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, காத்திருப்பு இசையைக் கேட்டபடி அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்திருப்பான். மறுப்பதற்கு மென்பொருள் விற்றவர்கள் இருக்கிறார்கள். மறுப்பைச் சமாளிக்க மென்பொருள் விற்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் ஆள் தேவை. நடுவில் நிற்கும் நோயாளி மட்டும் இந்தச் சந்தையில் எதையும் விற்கவில்லை.

மருத்துவமனைக்கு மருத்துவமனை பேசிக்கொள்ளாத மென்பொருள்களை வளர்த்ததும் வேலை தருவதற்காகத்தானோ என்று தோன்றும். தகவல் பரிமாறத் தரம் வகுக்கும் எச்.எல்.7 அமைப்பு 1987லேயே தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு முப்பதாண்டு ஆகியும், பணக்கார நாட்டின் பெரிய மருத்துவமனை ஒன்று நோயாளியின் கோப்பை இன்னொன்றுக்கு ஃபேக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தது. தகவலை வேண்டுமென்றே பூட்டி வைப்பதைத் தடுக்க 2016ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் இன்ஜினியர் சாவி செய்துகொண்டிருந்தார். பூட்டும் உன் தயாரிப்பு, சாவியும் உன் தயாரிப்பு.

தரப் பரிசோதனையில் உன் சிக்கனம் பாடமாக வைக்கத் தகுந்தது. மருந்துச் சீட்டு எழுதும் மென்பொருள் எல்லா மருந்துக் குறியீடுகளையும் முழுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அரசுச் சான்றிதழுக்கான விதி. ஈகிளினிக்கல்வொர்க்ஸ் நிறுவனம், சோதனையில் கேட்கப்படும் 16 குறியீடுகளை மட்டும் மென்பொருளுக்குள் நேரடியாக எழுதிவைத்துத் தேறியது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. 2017ல் 15.5 கோடி டாலர் கொடுத்து விவகாரம் சமரசமானது. பிராக்டிஸ் ஃப்யூஷன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. டாக்டருக்கு ஆலோசனை சொல்லும் திரை அறிவிப்பை, வலிநிவாரண ஓபியாய்டு விற்கும் ஒரு மருந்து நிறுவனத்திடம் காசு வாங்கிக்கொண்டு அதற்கேற்ப வடிவமைத்தது. 2020ல் 14.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஓபியாய்டு பழக்கத்தால் ஆயிரமாயிரம் பேர் செத்துக்கொண்டிருந்த அதே நாடு, அதே ஆண்டுகள். நல்ல புரோகிராமர் ஒருவர் எழுதி, நல்ல டெஸ்டர் ஒருவர் சோதித்து, சொன்ன தேதியில் டெலிவரி ஆன அறிவிப்பு அது. வேலை சுத்தம் என்பதில் சந்தேகமே இல்லை.

புதுமைக்கு நீ தரும் மரியாதையைச் சொல்ல வேண்டும் என்றால் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைக்குப் போக வேண்டும். அவர்களிடம் விஸ்டா என்றொரு பழைய மென்பொருள் இருந்தது. 1970களின் கடைசியில், தலைமையகத்தின் எதிர்ப்பையும் மீறி, மருத்துவமனைகளுக்குள்ளேயே இருந்த டாக்டர்களும் புரோகிராமர்களும் சேர்ந்து கட்டத் தொடங்கியது. பார்க்க அழகில்லாத திரை. ஆனால் வார்டில் நிற்பவர்களுக்கு வேண்டியது கையெட்டும் இடத்தில் இருந்தது. அதை மாற்ற 2018ல் 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் புதிய அமைப்பு ஓடத் தொடங்கியது. டாக்டர்கள் எழுதிய உத்தரவுகளில் 11,000க்கும் மேற்பட்டவை, யாரும் பார்க்காத ஒரு மறைவான வரிசைக்குப் போய்ச் சேர்ந்தன. எழுதியவருக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பரிசோதனைகளும் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும் பரிந்துரைகளும் அதில் மாட்டிக்கொண்டன. அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்த 149 நிகழ்வுகள் கணக்கில் வந்ததாகத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022ல் தெரிவித்தது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த வேல்களையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்ததையும் ஔவை எப்படிப் பக்கம் பக்கமாக வைத்துப் பேசினாள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். போர் காணாத வேல்களுக்குக் கிடைத்த அந்தப் புகழ்ச்சி ஸ்போகேனின் புதுத் திரைகளுக்கும் பொருந்தும்.

பாதுகாப்புத் துறையிலும் நீ தந்த வாய்ப்புகள் ஏராளம். 2024 பிப்ரவரியில், கிளெய்ம்களைக் கைமாற்றிக் கொடுக்கும் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அமெரிக்கா முழுவதும் பல மருந்துக் கடைகளில் காப்பீடு வேலை செய்யவில்லை, சின்ன கிளினிக்குகளுக்கு வாரக்கணக்கில் பணம் வரவில்லை. புகுந்த வாசலில் இரண்டாம் அடுக்குக் கடவுச்சொல் சோதனை இல்லை என்று தாய் நிறுவனத்தின் தலைவரே நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். நம்மில் பலர் கைபேசியில் பத்து ரூபாய் அனுப்பப் பின் நம்பர் போடுகிறோம். அங்கே சுமார் 19 கோடிப் பேரின் விவரத்துக்கு அந்தச் சிரமம் வைக்கப்படவில்லை. திருடர்களுக்கு 2.2 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் உன் கொடை குறையவில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் முடங்கின. இரண்டு வாரம் போல, நாட்டின் முதன்மையான மருத்துவமனை கையால் சீட்டு எழுதி நடந்தது. நெட்வொர்க்கை ஒழுங்காகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதன் பிறகு செக்யூரிட்டி ஆட்களுக்குத் தேவை கூடியது. அவர்களை முன்னமே எடுத்திருந்தால் அந்த இரண்டு வாரமும் அதிகாலையிலிருந்து வரிசையில் நின்ற வெளியூர் நோயாளிகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கமும் உன் கருணைக் கண் திரும்பியிருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண் 70 கோடிப் பேருக்கும் மேல் கொடுத்தாயிற்று. எண் கிடைத்தவர்களில் எத்தனை பேரின் மருத்துவ வரலாறு அதன் பின்னால் உண்மையாகவே தொடர்ந்து ஓடுகிறது என்பதுதான் அதன் பயனை அளக்கும் கோல். எண்ணிக்கையை மட்டும் மேடையில் சொல்வது உனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பதிவுக்குப் பிக்மி என்ற மென்பொருள் இருக்கிறது. தாயையும் சேயையும் மாதா மாதம் விட்டுப்போகாமல் தொடர வழி செய்த நல்ல எண்ணம் அது. ஆனால் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரின் மேசையைப் பார். கையால் எழுதும் பதிவேடுகள் அப்படியே இருக்கின்றன; அதற்கு மேல் கணினிப் பதிவு, செயலிப் பதிவு, மாதாந்திர அறிக்கை. வீடு வீடாகப் போய், இரத்தசோகை கண்ட பெண்ணை வற்புறுத்தி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வைப்பவர் அவர்தான். அவர் நேரத்தை உன் கட்டங்கள் தின்றால், டாஷ்போர்டில் பச்சை நிறம் தெரியும். அந்தப் பெண்ணின் நகக்கண்ணும் உதடும் வெளுத்தே இருக்கும்.

இத்தனை வேலைகளையும் வாரி வழங்கிய உன்னிடம், இன்னும் ஒரே ஒரு காலியிடம் கேட்கிறோம். அப்படி ஒரு பதவி இருக்க முடியும் என்பதற்குச் சாட்சியும் உன் சொந்த வரலாற்றில் இருக்கிறது. கான்சஸ் மாநிலத்தின் டோபிகா நகரில், படைவீரர் மருத்துவமனையில் சூ கினிக் என்றொரு நர்சு வேலை பார்த்தார். 1990களின் தொடக்கத்தில், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, ஊழியர் பார்கோடைக் கருவியால் தொட்டதும் கணக்கு முடிந்ததைக் கண்டார். காருக்கு இது முடியுமென்றால் நோயாளியின் கைப்பட்டைக்கும் மருந்துப் பொட்டலத்துக்கும் ஏன் முடியாது என்று கேட்டார். சரியான மருந்து, சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் போகிறதா என்று பார்கோடு வைத்துச் சரிபார்க்கும் முறை அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்து, படைவீரர் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. இன்று அமெரிக்க மருத்துவமனைகளில் அது சாதாரணம். அந்த யோசனை ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கூட்ட அறையில் பிறக்கவில்லை. கை தவறி வேறு மருந்து கொடுத்துவிடுவோமோ என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் பயந்த ஒருவரிடம் பிறந்தது. அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்க, புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் அதே கூரையின் கீழ் இருந்தார்கள். சத்தீஸ்கரின் கனியாரியில், ஏழைகளுக்காக நடக்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையோடு சேர்ந்து உருவான பாம்னி என்ற திறந்தமூல மென்பொருளும் அந்த வழியில் வந்ததுதான்.

சூ கினிக் போல வார்டை அறிந்தவர்கள் உன்னிடம் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சென்னையின் கோடிங் தளங்களில் அவர்களை நீயே தேடிப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாய். ஊசியின் அளவு தெரிந்தவர்கள், இரவு மூன்று மணிக்கு நோயாளி ஏன் மூச்சுத் திணறுகிறார் என்று ஊகிக்கத் தெரிந்தவர்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவரையாவது எண் போடுவதிலிருந்து எழுப்பி, புரோகிராமர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடு. இந்தத் திரையில் எந்தக் கட்டம் வேண்டாம், எந்த எச்சரிக்கை உயிர் காக்கும், எது வெறும் தொல்லை என்று அவர்கள் சொல்லட்டும். அவர்கள் சொன்னதற்கு அப்ரைசலில் மதிப்பெண் கொடு. புரோகிராமரையும் மாதத்தில் சில நாள் வார்டில் நிற்க வை. டாக்டரின் இரவுத் தட்டச்சு எத்தனை நிமிடம் குறைந்தது, செவிலியர் எத்தனை பதிவேட்டை மூடி வைக்க முடிந்தது என்பதை வைத்துச் சம்பளத்தை உயர்த்து. அப்படியொரு வேலையை நீ விளம்பரம் செய்யும் நாளில், வாக்-இன் வரிசையில் எங்கள் பிள்ளைகளை நாங்களே கூட்டி வந்து நிறுத்துகிறோம். அன்றைக்கு உன்னைப் புகழ்வதற்கு இவ்வளவு சாமர்த்தியம் தேவைப்படாது. இருப்பதை இருப்பதுபோலச் சொன்னாலே போதும்.